நோக்களிம்பு: அடிபட்ட நாளிலிருந்து ஆறும் நாள்வரை செய்யவேண்டிய வரிசை

களிம்பு பலிக்கவில்லை என்று சொல்லும் வீடுகளில் விசாரித்தால் அநேகமாக ஒரே கதைதான் வரும். வயல் வரம்பில் வழுக்கிக் கால் மடிந்திருக்கும். அன்று இரவே சுடச்சுட ஒத்தணம் கொடுத்து, களிம்பை அள்ளிப் போட்டு, தோல் சிவக்கச் சிவக்க உருவிவிட்டிருப்பார்கள். விடியும்போது கால் இரண்டு மடங்கு அதைத்திருக்கும்.

நோக்களிம்பின் வேலை மூன்றாம் நாளில்தான் தொடங்குகிறது. முதல் 2 நாளில் செய்யவேண்டியவை வேறு. கைவசம் களிம்பு இல்லாதவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: இன்று அடிபட்டால் நாளைக்கு ஆறுதலாகக் காய்ச்சலாம், நாளை மறுநாள் பூசலாம். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

1. இது களிம்புக்குரிய அடிதானா?

தோல் கிழியாத கண்டல், சுளுக்கு, தசைப்பிடிப்பு, கரைவலை இழுத்து வந்த தோள் நோ, மூட்டை தூக்கி வந்த இடுப்பு நோ: இவை களிம்புக்கு உரியவை. எலும்பு முறிவு, மூட்டு விலகல், திறந்த காயம், தலை அடி, வயிற்றடி ஆகியவற்றுக்குக் களிம்பு வேண்டாம்.

கணுக்காலில் முறிவா சுளுக்கா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். முதலில், நொண்டியாவது 4 அடி நடக்கச் சொல்லுங்கள். அடுத்து, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பு மொளியின் நுனியிலிருந்து மேல்நோக்கி, பின் ஓரத்தில் 6 சென்ரிமீற்றர் தூரத்துக்கு ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு பாதத்தின் வெளிப்பக்க ஓரத்தில் சுண்டுவிரலுக்கும் குதிக்காலுக்கும் நடுவே முட்டிநிற்கும் எலும்பையும், உட்பக்கத்தில் பாதவளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். 4 அடி வைக்க முடியாவிட்டால், அல்லது இந்த எலும்புகளில் எதையாவது தொட்டதும் சுரீரென்றால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சதையில் நோ இருப்பது வேறு, எலும்பில் நோ இருப்பது வேறு. ஒரு விரலால் மட்டும் அழுத்தச் சொல்வது அதற்காகத்தான். உள்ளங்கையால் அழுத்தினால் இரண்டும் கலந்து குழப்பும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், அம்பாறை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வைத்தியசாலைகளிலும் எக்ஸ்ரே வசதி உண்டு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உள்ளூர்களில் இருப்பவர்கள் இருட்டும்வரை காத்திருந்து பார்க்காமல் பகலிலேயே புறப்படுவது நல்லது. நடக்கமுடியாத நிலை என்றால் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

முறிவு வைத்தியம் பார்க்கும் பரிசாரியிடம்தான் போவோம் என்பவர்களும் முதலில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். எலும்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தபின் கட்டுவது இரு தரப்புக்கும் நல்லது.

பக்கத்து விரல்கள் விறைத்துப்போதல், தோல் வெளிறிக் குளிர்ந்துபோதல், அடியின் அளவுக்குப் பொருந்தாத கடும் நோ, சதை கல்போல இறுகுதல்: இந்த நான்கில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு மருத்துவத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைப்படுவதற்கான அறிகுறிகள் இவை. மணிக்கணக்கில் தாமதித்தால் சதை அழியும்.

வாவியில் திருக்கையோ கெளுத்தியோ குத்தினால் அதையும் அடி என்று நினைத்துக் களிம்பு போடுகிறார்கள். அது நஞ்சுள்ள குத்துக்காயம். பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகும் வழியைப் பாருங்கள்.

2. முதல் 48 மணி நேரம்

அடிபட்டதும் தோலுக்கு அடியில் சிறு இரத்தக் குழாய்கள் உடைந்து கசிகின்றன. சூடு அந்தக் குழாய்களை விரிக்கும், உருவுதல் உடைந்ததை மேலும் உடைக்கும். ஆகவே இந்த 2 நாளும் சூடு, உருவுதல், சாராயம் மூன்றும் வேண்டாம். சாராயம் குடிப்பதும் கசிவைக் கூட்டும்.

ஐஸைத் துவாயில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். கடற்கரையோரம் மீன் பெட்டி ஐஸ் இலகுவாகக் கிடைக்கும், ஆனால் உப்புக் கலந்த ஐஸ் சாதாரண ஐஸை விடக் குளிர். அதை வெறுந்தோலில் வைத்தால் தோல் கருகும். ஐஸ் இல்லாத இடத்தில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த சீலையை அடிக்கடி மாற்றிப் போடலாம்.

படுக்கும்போது அடிபட்ட கால் நெஞ்சை விட உயரத்தில் இருக்கவேண்டும். ஒரு தலையணை போதாது, இரண்டு வையுங்கள்.

இதே நேரத்தில் செய்யவேண்டிய இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, பலரும் விடுவது இதைத்தான். வெள்ளை நூலொன்றை எடுத்து, மொளிக்கு நேர்மேலே காலைச் சுற்றி, இறுக்காமல் தொட்டும் தொடாமலும் பிடித்து, நுனி வந்து தொடும் இடத்தில் நூலில் அடையாளமாக ஒரு முடிச்சுப் போடுங்கள். தோலிலும் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்த நூலைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.

3. இடைவேளையில் எண்ணெய் காய்ச்சுதல்

கடைக் களிம்பு வைத்திருப்பவர்கள் 5ஆம் பகுதிக்குப் போகலாம்.

வேண்டியவை: நல்லெண்ணெய் 300 மில்லிலீற்றர், நொச்சி இலை 400 கிராம், வேர்க்கொம்பு (சுக்கு) 10 கிராம், ஓமம் 10 கிராம், மஞ்சள் 10 கிராம், உரித்த உள்ளி 20 கிராம். களிம்பாக்குவதற்குத் தேன்மெழுகு 50 கிராம், கற்பூரம் 12 கிராம், யூக்கலிப்டஸ் தைலம் 10 மில்லிலீற்றர். இது ஏறத்தாழ 300 கிராம் களிம்பு தரும், ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

தேங்காயெண்ணெய் ஏன் கூடாது என்று கேட்பார்கள். கூடும். ஆனால் அது 24 பாகை செல்சியஸிலேயே உருகும் எண்ணெய், நம் ஊரில் மாரி காலத்து விடியற்காலை ஒன்றிரண்டைத் தவிர எப்போதும் தண்ணீராகவே நிற்கும். அந்த நாள்களில் இரவில் இறுகிப் பகலில் இளகினால் களிம்பு மணல்மணலாகிவிடும்.

நொச்சி இலையை மாலையில் ஒடித்து வந்தால் கழுவி, நீர் வடிய விட்டு, மறுநாள் அரையுங்கள். 250 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு அரைத்துச் சீலையில் பிழிந்தால் 300 மில்லிலீற்றர் அளவுக்குச் சாறு வரும். மழைக்கால இலையில் கூட வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இலை வரண்டிருக்கும், அரைக்கும்போது இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிக்கும்.

வேர்க்கொம்பையும் ஓமத்தையும் இடித்துப் பொடியாக்கி, மஞ்சள், உள்ளியுடன் சேர்த்து விழுதாக அரையுங்கள். உள்ளியைப் பச்சையாகத் தோலில் கட்டினால் சில மணி நேரத்தில் கொப்புளம் போடும். எண்ணெயில் வேகும்போதுதான் அந்தக் காரம் தணிகிறது.

சட்டி பெரிதாக இருக்கட்டும். எண்ணெயும் சாறும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு கொள்ளவேண்டும், ஏனெனில் முதல் அரை மணி நேரம் நுரைத்துப் பொங்கும். எண்ணெய், சாறு, விழுது மூன்றையும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். சூடான எண்ணெயில் சாற்றை ஊற்றினால் தெறித்து முகத்தில் அடிக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்: மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள்.

இளந்தீயில் ஒன்றரை முதல் 2 மணி நேரம். அடி பிடிக்காமல் அகப்பையால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும், கடைசி 20 நிமிடம் கையை எடுக்கவே கூடாது. அடியில் ஒட்டிக் கருகினால் எண்ணெய் முழுவதும் கருகல் மணம் பிடித்துவிடும், அதைத் திருத்த வழியில்லை.

பதம் பார்க்க இரண்டு வழி. அடி வண்டலில் சிறிது எடுத்து இரு விரலுக்கிடையில் உருட்டுங்கள். சேறுபோல விரலில் ஒட்டினால் இன்னும் நீர் இருக்கிறது. திரிபோல உருண்டு வந்தால் சரி. அடுத்து, அந்தத் திரியை அடுப்பைவிட்டுத் தள்ளிப்போய்த் தீக்குச்சியால் கொளுத்துங்கள். சடசடவென்று பொரிந்தால் நீர் மிச்சம். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கிவிடலாம்.

இந்தச் சடசடப்பை அலட்சியம் செய்பவர்கள்தான் 3 வாரம் கழித்துக் களிம்பின் மேல் பூஞ்சணம் படிந்திருக்கிறது என்று வருவார்கள். எண்ணெயில் நீர் இருந்தால் வேறெதுவும் காப்பாற்றாது. வடிக்கும் சீலை, ஊற்றும் பாத்திரம், போத்தல் எல்லாம் வெயிலில் காய்ந்திருக்கவேண்டும்.

வடித்தபின் 250 கிராம் அளவுக்கு எண்ணெய் நிற்கும்.

4. மெழுகும் கற்பூரமும் சேர்த்தல்

தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். நேர் நெருப்பில் வேண்டாம். அகன்ற சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் எண்ணெய்ப் பாத்திரத்தை வைத்து, மெழுகைச் சீவிப் போடுங்கள். எண்ணெய் 5 பங்குக்கு மெழுகு 1 பங்கு என்பது பொதுக்கணக்கு. வைகாசி முதல் ஆவணி வரை, தகரக் கூரை வீடுகளில் இது இளகிவிடும், அப்போது 60 கிராம் போடுங்கள். மெழுகுதிரிகளை உடைத்துப் போடாதீர்கள். அது வேறு மெழுகு, களிம்பு தோலில் ஏறாமல் படலமாக நிற்கும்.

உருகியதும் ஒரு துளியைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு ஆறவிடுங்கள். விரலால் தொட்டால் பள்ளம் விழவேண்டும், ஆனால் கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது. வழிந்தால் மெழுகு 5 கிராம் கூட்டுங்கள், கல்லாக நின்றால் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விடுங்கள். கற்பூரம் சேர்க்குமுன் இந்தச் சோதனை முடிந்திருக்கவேண்டும். பிறகு மீண்டும் சூடாக்கினால் கற்பூரம் ஆவியாகிப் போய்விடும்.

பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்து வேறிடம் கொண்டுபோங்கள். ஓரம் இலேசாகக் கலங்கத் தொடங்கும்போது பொடித்த கற்பூரத்தையும் யூக்கலிப்டஸ் தைலத்தையும் சேர்த்துக் கிளறி உடனே வாய் அகன்ற போத்தல்களில் ஊற்றுங்கள். கற்பூர ஆவி தீப்பிடிக்கும், ஆகவே அடுப்பும் சுவாமி விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. பூசைக்குக் கொளுத்தும் வில்லைகளில் வேறு பொருள் கலந்திருக்கலாம், நாட்டு மருந்துக் கடையில் மருந்துக் கற்பூரம் என்று கேட்டு வாங்குங்கள்.

12 கிராமுக்கு மேல் கற்பூரம் போட்டால் கூடுதல் எரிவு வரும், குணம் கூடாது. இந்த அளவில் களிம்பில் கற்பூரம் 4 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் வெளிப்பூச்சுகளுக்கு வைத்திருக்கும் மேல்வரம்பு 11 சதவீதம்.

வின்டர்கிரீன் தைலத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். கடைக் களிம்புகளின் அந்த மணத்துக்காகப் பலர் அதை வாங்கி ஊற்றுவார்கள். ஒரு தேக்கரண்டி தூய வின்டர்கிரீன் தைலத்தில் 20க்கு மேற்பட்ட அஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான மருந்து இருக்கிறது. குழந்தை ஒரு மிடறு குடித்தால் உயிர் போகும். அளந்து கலக்கும் வசதியுள்ள தொழிற்சாலைக்கு அது சரி, அடுப்பங்கரைக்கு வேண்டாம்.

இறுகும்வரை மெல்லிய சீலையால் மூடுங்கள். சூட்டோடு மூடி போட்டால் மூடியின் அடியில் வியர்த்து நீர் சொட்டும். இறுகியபின் இறுக்கமாக மூடி, காய்ச்சிய திகதியை எழுதி ஒட்டுங்கள்.

5. யாருக்குப் பூசக்கூடாது, தோல் ஏற்கிறதா

2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் சேர்ந்த எதையும் பூசாதீர்கள். மூக்கருகில் பட்டால் மூச்சுத் திணறலும், உள்ளே போனால் வலிப்பும் வரும். கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பதே நல்லது. பாலூட்டும் தாய் தோளிலோ நெஞ்சிலோ பூசினால் பிள்ளையின் முகம் அதில்தான் படும். குழந்தை களிம்பைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களின் கண்டலை வீட்டில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். அவர்களுக்கு உள்ளே கசிவது இலகுவில் நிற்காது. கடைக் களிம்பில் வின்டர்கிரீன் இருந்தால் அந்த மருந்தின் வேகமும் கூடும்.

மற்றவர்கள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பயறளவு பூசி 24 மணி நேரம் பாருங்கள். சிவந்து தடித்தாலோ அரித்தாலோ அந்தக் களிம்பு உங்களுக்கு இல்லை. கைவசம் களிம்பு இருப்பவர்கள் இதை அடிபட்ட முதல் நாளே, காய்ச்சுபவர்கள் காய்ச்சிய அன்றே செய்துவிட்டால் மூன்றாம் நாள் காத்திருக்கத் தேவையில்லை.

6. மூன்றாம் நாள் வந்துவிட்டதா?

கலண்டர் மட்டும் போதாது. முந்திய நாள் காலையில் நூல் அளவு எடுத்திருந்தால் இன்றும் காலையில் எடுங்கள். நாள் முழுக்க நின்றால் நல்ல காலும் மாலையில் சற்று அதைக்கும், காலையையும் மாலையையும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். முடிச்சு அதே இடத்தில் சந்தித்தால், அல்லது நூல் தளர்ந்தால், வீக்கம் நின்றுவிட்டது.

அடுத்து, புறங்கையை நோவுள்ள இடத்திலும் மற்றக் காலின் அதே இடத்திலும் மாறிமாறி வையுங்கள். அடிபட்ட பக்கம் தெளிவாகக் கூடச் சுடுகிறதென்றால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். நூல் எட்டாமல் போகிறதென்றால், 48 மணி கடந்தும் வீக்கம் கூடுகிறது என்று பொருள். வைத்தியரிடம் போங்கள்.

7. ஒத்தணம் முதலில், களிம்பு பிறகு

இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் இரண்டாவது பெரிய பிழை. களிம்பு பூசிய தோலில் சூடு வைத்தால் கற்பூரம் அளவுக்கு மீறி உள்ளே இறங்கும், தோலும் வெந்துபோகும். மேலோட்டமாகச் சிவந்து, மறுநாள் கொப்புளித்து வரும் பலரின் கதை இதுதான்.

ஒரு கைப்பிடி நொச்சி இலையை ஒரு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெய் தடவிய வெறுஞ்சட்டியில் வதக்கிச் சீலையில் முடியுங்கள். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் மட்டும் நோயாளிக்கு. ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும், ஓரிடத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. 10 நிமிடம் போதும்.

நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு ஒத்தணம் வேண்டாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது, புண் வந்தபின்தான் தெரியும்.

ஒத்தணம் முடிந்ததும் துடைத்து, 15 நிமிடம் ஆறவிடுங்கள்.

8. பூசும் கை

இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாக ஈரம் துடையுங்கள். கீறல், உராய்வு இருந்தால் அதைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள்.

கணுக்காலுக்கு ஒரு புளியங்கொட்டை அளவு, முழங்காலுக்கு இரண்டு. கூடப் பூசினால் வியர்வையோடு வழிந்து படுக்கைவிரிப்புத்தான் குணமாகும்.

களிம்பை உள்ளங்கையில் தேய்த்து இளக்கிக்கொண்டு, நீலம் பாரித்த நடுப்பகுதியைத் தொடாமல் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். காலென்றால் கீழிருந்து மேலாக, கையென்றால் மணிக்கட்டிலிருந்து தோள்நோக்கி நீவுங்கள். தேங்கிய நீர் அந்தத் திசையில்தான் வடிகிறது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் வடிந்தது திரும்பி வரும். அழுத்தம், பழுத்த மாம்பழத்தைத் தொட்டுப் பார்க்கும் அளவு. நோயாளி பல்லைக் கடித்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள். 5 நிமிடத்தில் நிறுத்துங்கள். நடுப்பகுதிக்குக் கடைசியில் ஒரு மெல்லிய பூச்சு மட்டும்.

தொடையில் அடிபட்டுச் சதைக்குள் கட்டியாக இறுகியிருந்தால் அதை உருவிக் கரைக்கப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்யும் இடத்தில் சதைக்குள் எலும்பு படர்வது உண்டு. பிறகு முழங்கால் மடங்காது.

கை கழுவியபின்தான் கண்ணைத் தொடவேண்டும். காலையும் இரவும் என நாளுக்கு 2 தடவை.

9. கட்டு

பூசி அரை மணி நேரம் காற்றாட விட்டபின் கட்டுங்கள். பொலித்தீன் சுற்றுவதும் ஒத்தணம் வைப்பதும் ஒன்றுதான், இரண்டும் மருந்தை அடைத்து உள்ளே தள்ளும்.

கணுக்காலுக்கு 3 அங்குலக் கிரேப் பண்டேஜ், முழங்காலுக்கு 4 அங்குலம். பாதத்தைக் கணைக்காலுக்குச் செங்குத்தாக, ட வடிவில் மடக்கிப் பிடித்துக்கொண்டு விரல்களின் அடியில் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடட்டும். குதிக்காலைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி, மொளிக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் முடியுங்கள். மேலிருந்து கீழே கட்டினால் நீர் பாதத்தில் அடைபட்டு விரல்கள் பலூனாகும்.

விரல் நுனிகள் வெளியே தெரியவேண்டும். கட்டியதும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். இரவில் கழற்றிவிடுங்கள்.

10. அசைவும் நாள்கணக்கும்

மூன்றாம் நாளிலிருந்து, நாற்காலியில் அமர்ந்து, பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதச் சொல்லுங்கள். மூட்டு எல்லாப் பக்கமும் திரும்ப இதைவிட இலகுவான பயிற்சி இல்லை, சிறுவர்களும் அலுக்காமல் செய்வார்கள். நோகும் எழுத்தில் நிறுத்திவிட்டு மாலையில் தொடருங்கள்.

கண்டலின் நிறம் ஊதாவிலிருந்து ஒரு வாரத்தில் பச்சைக்கும், பிறகு மஞ்சளுக்கும் மாறி 2 வாரத்தில் மறையும். சாயம் புவியீர்ப்பில் கீழிறங்குவதால் மொளியில் பட்ட அடியின் நீலம் குதிக்காலில் தெரியலாம், அது புது அடி இல்லை. நிறம் மாறாமல் 2 வாரம் நின்றாலோ, சூடும் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்தாலோ, அடியே படாமல் கண்டல் தோன்றினாலோ இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

7 முதல் 10 நாளில் களிம்பை நிறுத்திவிடலாம். அதற்குமேல் பூசினால்தான் நோ அடங்குகிறது என்றால், களிம்பு எட்டாத ஏதோ உள்ளே இருக்கிறது.

இடையில் யாராவது மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொல்வார்கள். சுண்ணாம்பு தோலைச் சுடும். களிம்பின் மேல் போட்டால் இன்னும் மோசம். பற்பசை, மண்ணெண்ணெய் இரண்டும் அப்படித்தான். பற்றுத்தான் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்குச் சுண்ணாம்பில்லாத வெறும் மஞ்சளைக் கொடுங்கள், அதுவும் களிம்பைக் கழுவியபின்.

மிச்சக் களிம்பை எடுக்கும்போது ஈரக்கையை விடாமல், காய்ந்த கரண்டியால் எடுங்கள். 6 மாதத்தில், அல்லது பழைய எண்ணெய்ச் சிக்கு மணம் வந்ததும், எறிந்துவிடுங்கள். போத்தல் பிள்ளைகளின் கைக்கு எட்டாத அலுமாரித் தட்டில் இருக்கட்டும், இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வேண்டாம்: இருட்டில் கை மாறும்.